அந்தத் தாயப் பத்தி பேசுறத நிறுத்துங்க

கோயிலுக்கு வர்ற ஒரு பட்டாளத்துக்காரர் மனைவிய, "பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுல வச்சிருக்கு"ன்னு அன்னதான வரிசையில பேசுறீங்க. போதும்!

கணவருக்கு மாற்றல் வந்தா குடும்பமே கேம்ப் மாறணும். சபா, சரவாக்குக்குப் போட்டா அங்க ஒரு தமிழ்ப்பள்ளிகூட கிடையாது. 2003லேர்ந்து ஆரம்பக் கல்வி கட்டாயம். வீட்டுல படிக்க வைக்க கல்வி அமைச்சுகிட்ட விலக்கு வாங்கணும். அத முறையா வாங்கித்தான் நடத்துறாங்க.

காலையில கணக்கு, மலாய். மத்தியானம் சமையல். ராத்திரி தமிழ். கணவர் எல்லைக்குப் போயிட்டா அப்பா வேலையும் அவங்க தலையிலதான். எனக்கு ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிஞ்சா மணி அடிக்கும். அவங்களுக்கு யார் அடிக்கிறா?

நம்ம மண்டபம் வார நாள்ல பூட்டியே கிடக்கு. நிர்வாகம் திறந்து விடட்டும். தேவாரம் தெரிஞ்சவங்க ஒரு மணி நேரம் வந்து அந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க. அதுவும் சாமி தொண்டுதான்.

முருகா சரணம்.