கடையும் வளரட்டும், வீதியும் வாழட்டும்!

வியாபாரம் பெருகினால் கடையும் பெரிதாக வேண்டும். அது நியாயமே. அதற்காகப் பாட்டனார் காலத்துக் கட்டடத்தை இடித்துத்தான் ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை என்கிறது சிங்கப்பூர்.

அங்குள்ள பழைய கடைவீடுகளின் முன்னே கூரை போட்ட நடைபாதை உண்டு. வெயிலோ, மழையோ, மக்கள் நனையாமல் நடக்கலாம். 1822-ல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் வந்த ஏற்பாடு இது. அங்குள்ள தமிழர்கள் இதை 'அஞ்சடி' என்பார்கள்.

இத்தகைய வீதிகள் பல இடிந்து மறைந்தன. மிச்சத்தையாவது காக்க, 1989-ல் லிட்டில் இந்தியா முதலிய பகுதிகளைப் பாதுகாக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. அங்கே கட்டடம் முழுவதையும் காக்கவேண்டும். கேலாங், ஜாலான் புசார் போன்ற இடங்களிலோ, முன்கட்டைக் காத்துக்கொண்டு, பின்புறம் புதுக்கட்டு எழுப்பலாம்.

கடைக்காரருக்கு இடம் கிடைக்கிறது. வீதியின் முகமும் மாறவில்லை!

புதுக்கட்டு பழையதைப் போல் வேஷம் போடவேண்டாம். அதை மறைக்காமல் அடக்கமாக நின்றால் போதும். பின்னால் பிறந்த தம்பி, அண்ணனைத் தள்ளிவிட்டு முன்னே நிற்கலாமா?

பழைய கடை வைத்திருப்பவர்களே! கடப்பாரையை எடுக்குமுன் கொல்லைப்புறத்தை ஒருமுறை பாருங்கள். நீங்கள் தேடும் இடம் அங்கேயே இருக்கலாம்.