கடலடியை அளக்காமல் புயலைக் கணிக்க முடியாது

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், வவுனியாவைக் கடந்து மன்னாரையும் அடித்துவிட்டுத்தான் அங்கே போனது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் அத்தோடு நின்றுபோனது. காற்றைவிடக் கூடுதலாக உயிர் குடித்தது ஊருக்குள் ஏறிய கடல்தான். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியபோதும் மன்னார்த் தீவு அறிய வேண்டியிருந்தது ஒன்றே: கடல் எங்கே, எத்தனை அடி ஏறும்? அந்த விடையைத் திருத்த வேண்டுமானால் பெரிய கணினிக்கு முன்பாக நம் கடலின் ஆழ அளவுகளைத்தான் தேட வேண்டும் என்பது என் வாதம்.

நீரோட்டத்தைச் சொல்லும் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தாளில் எழுதித் தீர்த்துவிட முடியாது. அதனால் கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த சில நொடிகளில் நீர்மட்டம் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டு, அதை வைத்து அதற்கடுத்த நொடிகளுக்குப் போகிறார்கள். இந்தக் கணக்கில் ஆழம் வகுக்கும் எண்ணாக நிற்கிறது. ஆழம் பாதியானால், அதே காற்று கடல்மட்டத்தை இரு மடங்கு சாய்க்கும். வங்காள விரிகுடாவின் நடுவில் 1 மீட்டர் பிழை பொருட்டே அல்ல. பாக்கு நீரிணையோ பெரும்பாலும் 13 மீட்டருக்குள் அடங்கும் கடல். தலைமன்னாருக்கு மேற்கே மணல் திட்டுகளில் ஒரு பாகம் தண்ணீர்கூட இல்லாத இடங்கள் உண்டு. 4 மீட்டர் என்று பதிந்த இடத்தில் உண்மையில் 3 மீட்டர்தான் என்றால், அங்கே சாய்வு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

கட்டத்தைச் சிறிதாக்கினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். அது தேவைதான். 4 கிலோமீட்டர் கட்டத்தில் தீவின் அகலம் ஒன்றிரண்டு கட்டங்களோடு முடிந்துவிடும். வடகரைப் பேசாலையும் தென்கரைத் தாழ்வுபாடும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 1928இல் கூராண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் காட்டியபடி, நேரடியாகப் படிப்படியாக முன்னேறும் முறையில் ஒரு படிக்குள் அலை ஒரு கட்டத்துக்கு மேல் ஓடினால் கணக்கு குலைந்துவிடும். 9 மீட்டர் ஆழத்தில் அலை நொடிக்கு 9 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். 1 கிலோமீட்டர் கட்டத்துக்கு 100 நொடிப் படி போதும். 100 மீட்டர் கட்டத்துக்கு 10 நொடி. கட்டங்கள் 100 மடங்கு, படிகள் 10 மடங்கு, ஆக வேலை 1000 மடங்கு. இன்றைய கணினிகள் அதையும் தாங்கும். ஆனால் கிலோமீட்டருக்கு ஓர் ஆழ அளவை வைத்துக்கொண்டு இடையிலுள்ள கட்டங்களை ஊகத்தால் நிரப்பினால், வரைபடம் அழகாகுமே தவிர விடை திருந்தாது. அளவு பிழைத்தால் கணக்கும் பிழைக்கும் என்பதற்குப் பழைய சான்று உண்டு: லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட எண்சார் வானிலைக் கணிப்பு, 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்றது. உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. பிற்காலத்தில் பீட்டர் லிஞ்ச் தொடக்க அளவுகளைச் சீராக்கி அதே முறையை ஓட்டியபோது நம்பத்தக்க விடை வந்தது.

புயலின் பாதையே நிச்சயமில்லாதபோது ஆழத்தை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். பாதைப் பிழை பெரிதுதான். ஆனால் புயல் நெருங்க நெருங்க அது சுருங்கும். பல பாதைகளை ஓட்டிப் பார்த்தும் சமாளிக்கலாம். ஆழப் பிழையோ கடைசி மணித்தியாலம்வரை அப்படியே இருந்து எல்லாப் பாதைகளின் விடையையும் கெடுக்கும். மணல் திட்டுகள் நகர்கின்றனவே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. கச்சான் காற்றும் வாடைக் காற்றும் மாறிமாறி மணலைத் தள்ளும் கரையில், ஒருமுறை அளந்து கோப்பில் பூட்டுவது வீண்தான். ஆகவே ஆண்டுதோறும் அளக்க வேண்டும். ஆழங்குறைந்த இந்தக் கடலுக்குப் பெரிய கப்பல் வேண்டாம்; ஒரு ஃபைபர் படகு, ஒலியால் ஆழம் காட்டும் கருவி, ஜிபிஎஸ், வற்றும் பெருகும் அளவைக் கழிக்கக் கரையில் ஒரு கடல்மட்டமானி போதும். திட்டுகளைத் தினமும் கடக்கும் மீனவர்களே வழிகாட்டுவார்கள்.

எல்லைக் கடலின் ஆழம் பாதுகாப்பு இரகசியம் என்பவர்களும் உண்டு. 1974, 1976 ஒப்பந்தங்கள் எல்லைக்கோட்டை வரையறுத்துவிட்டன. கப்பலோட்ட வரைபடங்களில் ஆழங்கள் ஏற்கெனவே அச்சாகின்றன. ஐதராபாத்தின் இன்கொய்ஸ் மையம் இந்தியக் கரைக்குப் புயல் கடலேற்றத்தைக் கணிக்கிறது. அந்தக் கணக்கை எல்லைக்கோட்டில் நிறுத்த முடியாது, பாம்பனில் ஏறும் நீரும் மன்னாரில் ஏறும் நீரும் ஒரே கடலுடையவை. தலைமன்னார்ப் பக்கத்து அளவுகளைக் கொடுத்து, பாம்பன் பக்கத்து அளவுகளைக் கேட்டு வாங்கும் பேச்சை இலங்கையின் நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவும் வளிமண்டலவியல் திணைக்களமும் அடுத்த வாடைக்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.