பழைய பாக்கியும் சிசிரிஸ் கட்டங்களும்

வீட்டுக் கடன் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, "வங்கியில என் பேரைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுட்டாங்க." பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது, மாதாமாதம் எப்படிக் கட்டினீர்கள் என்பதைத்தான் அது காட்டும். கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் முடிவு.

ஒவ்வொரு கடனுக்கும் எதிரே 12 மாதக் கட்டங்கள் இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை பாக்கி, 3 என்றால் மூன்று மாதம். புதிய மாதம் ஒன்று சேரச் சேர, பழைய மாதம் ஒன்று மறுபக்கம் விழுந்துகொண்டே வரும். வேலை இல்லாத நேரத்தில் கார் தவணை இரண்டு மாதம் தவறியிருக்கலாம். பாக்கியை அடைத்துவிட்டு ஒழுங்காகக் கட்டி வந்தால் அந்த 2 ஓராண்டில் தானாகப் போய்விடும். ஆனால் இன்று மொத்தமாகக் கட்டிவிட்டு நாளைக்கே வீட்டுக் கடனுக்கு மனு போட்டால் பழைய எண்கள் அங்கேயேதான் இருக்கும். ஆகவே வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இசிசிரிஸ் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

'சிசிரிஸ் சுத்தம் செய்து தருகிறோம்' என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்கிறவர்களிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பாதீர்கள். விவரங்களைக் கொடுப்பவை வங்கிகள். தவறான பதிவு இருந்தால் அதை அனுப்பிய வங்கியிடம்தான் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

சிடிஓஎஸ் வேறு. அது 2010ஆம் ஆண்டு கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் நிறுவனம். நீதிமன்ற வழக்கு, திவால், கடன் கொடுத்தவர்கள் பதிந்த பாக்கி எல்லாம் அங்கே வரும். வீடு மாறியபோது கட்டாமல் விட்ட கைப்பேசிக் கட்டணம் 180 வெள்ளி, சில ஆண்டுகள் கழித்து வீட்டுக் கடன் நேரத்தில் எட்டிப் பார்ப்பது இந்த அறிக்கையில்தான். 12 மாதக் கணக்கு இதற்குப் பொருந்தாது. பாக்கியைக் கட்டி, கடன் தீர்ந்தது என்று அந்த நிறுவனத்திடம் கடிதம் வாங்கி, சிடிஓஎஸ்ஸிடம் கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். வசூலிப்பவர் "பாதி கட்டுங்க, போதும்" என்றால் சந்தோஷம்தான். ஆனால் மீதி தள்ளுபடி என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே பணத்தைக் கட்டுங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்கைக் காட்டி எந்தப் பதிவையும் மாற்ற முடியாது.

கடன் அட்டை, தனிநபர் கடன், கார் எல்லாம் சேர்ந்து சம்பளத்தையே விழுங்குகிறது என்றால் ஏகேபிகே இருக்கிறது. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த நிறுவனம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. தவணைகளைக் குறைக்க வங்கிகளுடன் அவர்களே பேசுவார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் அதுவும் சிசிரிஸில் தெரியும், முடியும்வரை புதுக் கடன் கிடைப்பது சிரமம். மாதக் கடைசியில் ஒரு அட்டையில் எடுத்து இன்னொரு அட்டைக்குக் கட்டுகிறவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம். போகும்போது சம்பளச் சீட்டையும் எல்லாக் கடன்களின் அண்மைய அறிக்கைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் வைத்திருக்கும் அட்டையையும் சேர்த்துத்தான்.