நம் ஊரை நாம் நடந்து பார்த்தோமா?

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் மாநகரில் அக்ரோபொலிஸ் என்றொரு குன்று உண்டு. அக்குன்றின்மேல் பார்த்தெனான் என்றொரு கோயில் உண்டு. இவ்விரண்டையும் அறியாத ஆங்கிலக் கல்வி கற்றவர் நம் நாட்டில் இரார். நாமும் அக்கல்வியைக் கற்றவர்களே, கற்றதற்காக வெட்கப்படவுமில்லை. ஆனால் சில தினங்களுக்கு முன் தேனி ஜில்லாவிலுள்ள மார்க்கையன்கோட்டைக்குச் சென்றிருந்தபோது நேர்ந்த ஓர் அநுபவம் நம்மை வெகுவாகச் சிந்திக்கச் செய்துவிட்டது. அவ்வூர் நண்பர் ஒருவரது வீட்டுத் திண்ணையில், பட்டதாரிகளும் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தனர். அவர்களில் ஒருவர் அண்மையில் கிரேக்க தேசம் சென்று, ஏதென்ஸ் நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் பல நாள் கால்நடையாகவே சுற்றிப் பார்த்துத் திரும்பியவர். அவர் சொன்னவற்றை யாவரும் ஆவலுடன் கேட்டோம். முடிவில் நாம் ஒரு கேள்வி கேட்டோம்: "சின்னமனூர்ச் செப்பேடுகளைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?" இருவர் பெயரளவில் கேள்விப்பட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் மௌனம் சாதித்தார்கள். சின்னமனூரோ அத்திண்ணையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இருக்கிறது!

அந்நண்பர்களைக் குறை கூறுவதற்காக இதை நாம் எழுதவில்லை. இக்குறை நம் தமிழ் நாடெங்கும் பரவிய குறை. நம்மையும் விட்டு நீங்காத குறை. அந்நிய நாட்டு நகரத்தைக் காலால் அளந்து பார்ப்பது கல்வி என்று நினைக்கிறோம். சொந்த ஊரின் கம்மாய்க் கரையை நடந்து பார்ப்பதோ வேலையற்றவன் காரியமென்று எண்ணுகிறோம். இவ்வெண்ணம் மாறாதவரையில் நாம் பேசும் தேசாபிமானம் பாதி அபிமானமேயாகும்.

கிரேக்கரிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பவுசானியஸ் என்றொருவர் இருந்தார். அக்காலத்தில் கிரேக்க தேசம் சுதந்தரம் இழந்து ரோமரது ஆட்சியின் கீழ்க் கிடந்தது. பவுசானியஸ் படை திரட்டியவரல்லர்; பிரசங்கம் செய்தவருமல்லர். ஊர் ஊராய்ச் சென்றார். ஒவ்வொரு கோயிலையும், சிலையையும், கல்லறையையும் கண்ணாற் கண்டார். அவ்வவ்வூரார் சொல்வதைக் காதாற் கேட்டார். கண்டதையும் கேட்டதையும் பத்துப் புத்தகங்களாக எழுதி வைத்தார். அவர் சென்றபோதே மைசீனே என்னும் பழைய நகரம் பாழடைந்து கிடந்தது. அங்கே மதிலுக்குள் அகமெம்னன் என்னும் அரசன் முதலியோரது கல்லறைகள் உள்ளன என்று ஊரார் சொன்னதை அவர் குறித்துக்கொண்டார்.

பதினேழு நூற்றாண்டுகள் கடந்தன. 1876-ஆம் ஆண்டில் ஷ்லீமன் என்னும் ஜெர்மானியர் அக்குறிப்பை நம்பி, கோட்டை மதிலுக்கு உட்புறத்திலேயே தோண்டினார். பொன் முகமூடிகளோடு அரச குலத்தார் புதைக்கப்பட்ட குழிகள் வெளிப்பட்டன. அவை அகமெம்னன் காலத்தவையல்ல, அவனுக்குச் சொல்லப்படும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை என்பது பிற்கால ஆராய்ச்சியாளரின் முடிவு. ஆகவே ஊரார் சொன்ன பெயர் தவறாயிற்று. சொன்ன இடம் சரியாயிற்று. செவிவழிச் செய்தியை, "இது செவிவழிச் செய்தி" என்று நேர்மையாக எழுதி வைத்த ஒரு மனிதரது குறிப்பு, புதைந்து கிடந்த ஒரு நாகரிகத்தை உலகுக்கு மீட்டுக் கொடுத்தது. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இதன் அருமை நன்கு விளங்குகிறது. சாட்சி நேரில் கண்டது வேறு, பிறர் சொல்லக் கேட்டது வேறு. ஆனால் இரண்டையும் பிரித்து எழுதி வைத்தால் இரண்டுக்கும் பயன் உண்டு.

பவுசானியஸ் வாழ்ந்த அதே நூற்றாண்டில் தாலமி என்னும் பூகோள சாஸ்திரி கிரேக்க மொழியில் எழுதிய நூலில், பாண்டியரது தலைநகராக மதுரையின் பெயரைக் குறித்தார். யவனர் நம் நகரைக் குறித்து வைத்தனர். நம் ஊர்களை நாம் குறித்து வைத்தோமா?

மார்க்கையன்கோட்டையிலிருந்தே தொடங்குவோம். பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது முதல், மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பி, இக்கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நிலத்தை இருபோகம் விளையச் செய்து வருகிறது. அணை கட்டிய பென்னிகுயிக்கை இங்குள்ளோர் நன்றியோடு போற்றுகிறார்கள், அது முறையே. ஆனால் இப்பள்ளத்தாக்கின் சரித்திரம் 1895-இல் தொடங்கியதன்று. அரிகேசரிநல்லூர் என்று முன்னாளில் வழங்கிய சின்னமனூரில், பாண்டிய வேந்தர் அளித்த தானங்களைக் குறிக்கும் செப்பேடுகள் சிறியதும் பெரியதுமாக இரண்டு தொகுதிகள் கிடைத்தன. பெரிய தொகுதி பத்தாம் நூற்றாண்டினனாகிய இராசசிம்ம பாண்டியன் காலத்தது. வடமொழிப் பகுதி கிரந்தத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டவை. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும், மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டியர் குலத்தின் பெருமைகளாக அது கூறுகிறது. மேடைதோறும் சங்கத் தமிழ் என்று முழங்குகிறோம். சங்கம் இருந்ததற்கு எழுத்து மூலமான அத்தாட்சி என்ன என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டால், நாம் முதலில் எடுத்து நீட்டக்கூடிய பட்டயம் இந்தச் சின்னமனூர்ப் பட்டயமல்லவா?

சின்னமனூருக்கு அப்பால் உத்தமபாளையம். அங்கே கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. கூடலூருக்கு மேற்கே மலைமேல் மங்கலதேவி என்னும் கண்ணகி கோட்டம் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மாத்திரம் பளியங்குடியிலிருந்து காட்டு வழியாக ஜனங்கள் திரள் திரளாக நடந்து ஏறுகிறார்கள். மதுரை எரிந்த பிறகு கண்ணகி வையைக் கரை வழியாக மேற்கே நடந்து மலை ஏறினாள் என்பது சிலப்பதிகாரம். அவள் நடந்தது இப்பள்ளத்தாக்கின் வழியே என்பது இங்குள்ளோரின் நம்பிக்கை.

இவையெல்லாம் முன்பே அறிந்தவை. அறியாதிருந்தவை வெளிப்பட்ட விதத்தையும் பாருங்கள். 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்கள் ஊர் ஊராகத் தேடி வருகையில், இதே ஜில்லாவில் வையைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஒரு கல், கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனுக்கு நட்டது. சங்கப் பாட்டில் படித்த ஆகோளும் நடுகல்லும் வெறுங் கற்பனையல்ல என்பதற்கு அக்கற்களே சாட்சி. அவற்றைக் கண்டெடுக்கப் பெரும் பணமோ பெரிய இயந்திரமோ வேண்டியிருக்கவில்லை. நடக்கக் கால்களும் படிக்கக் கண்களும் போதுமாயிருந்தன. 2013, 2014-ஆம் ஆண்டுகளில் மத்திய தொல்லியல் துறையினர் வையையின் இரு கரைகளையும் மலையடி முதல் கடல் வரை ஆராய்ந்து 293 இடங்களைக் குறித்தனர். அவற்றுள் ஒன்றே கீழடி. அங்கே 2015-இல் அகழ்வு தொடங்கியது. அதன் பெயரை இன்று உலகம் அறியும். மற்ற இடங்களின் பெயர்களில் ஐந்தையேனும் சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்?

காலதாமதம் செய்யக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். கூடாதென்பதே நம் பதில். முன்னோர் ஏர் கொண்டு உழுதபோது மேடு மேடாகவே இருந்தது; ஓடு ஓடாகவே கிடந்தது. இன்று மண்வாரி இயந்திரம் ஒரே பகலில் ஒரு மேட்டைத் தரைமட்டமாக்கிவிடுகிறது. நடுகல் துணி துவைக்கும் கல்லாகிறது. கல்வெட்டுக் கல் வாசற்படியாகிறது. திருப்பணி என்ற பெயரால் கோயிற் சுவர்களில் மணலை வீசியடித்துச் சுத்தம் செய்ததில், ஆயிரம் ஆண்டு எழுத்துகள் பல இடங்களில் தேய்ந்து மறைந்தன. அழித்தவர் பகைவரல்லர், நாமே. தெரிந்தும் அழிக்கவில்லை, தெரியாமலே அழித்தோம். அத்தெரியாமையைப் போக்குவது கற்றவரது கடமையன்றோ?

எழுத்தில் ஏறிய இடம் எவ்வாறு பிழைக்கும் என்பதற்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. மதுரை ஜில்லா மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் உண்டு. 2022-இல் அரசினர் அதைப் பல்லுயிர் மரபுத் தலமென்று அறிவித்தனர். 2024-இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது கிராம ஜனங்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் வெறுங் கூக்குரல் இடவில்லை. தங்கள் மண்ணில் இன்னின்ன இருக்கின்றன என்று ஆதாரத்தோடு எடுத்துரைத்தனர். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. எழுத்தில் ஏறாத குன்றுக்காக யார் எதைக் காட்டி வாதாட முடியும்?

"இது சர்க்காரின் வேலை" என்பார்கள். சர்க்காரின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் உத்தியோகஸ்தரை அனுப்ப எந்தச் சர்க்காராலும் இயலாது. அவ்வூரிலேயே பிறந்து, அவ்வூர் வரப்புகளிலேயே நடந்து வளர்ந்தவன் அறிவதை அவர் ஒரு நாளில் அறியவும் முடியாது. "பழமை பேசி வீண் பெருமை கொள்வதற்கா?" என்று கேட்பாரும் உளர். அது நியாயமான கேள்வி. கண்ட ஓட்டுத் துண்டையெல்லாம் பதினாயிரம் ஆண்டுப் பழமை என்று பறைசாற்றுவோர் நம் கட்சிக்குப் பொய்ச் சாட்சிகள். ஒரு பொய்ச் சாட்சியால் மெய்யான வழக்கும் தோற்றுப்போகும். உள்ளதை உள்ளபடி எழுதினால் அதுவே போதிய பெருமை.

ஆதலால் நம் இளைஞர்களுக்கும் தொண்டர்களுக்கும் நாம் சொல்வது இதுவே. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவராகவோ மூவராகவோ புறப்படுங்கள். வாகனத்தை வீட்டில் விடுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஊரின் பெயரிலிருந்தே ஆரம்பியுங்கள். மார்க்கையன்கோட்டை என்கிறோமே, அக்கோட்டையைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் கூறுவது யாது, வயல்களுக்கும் தோப்புகளுக்கும் வழங்கும் பெயர்கள் யாவை என்று கேட்டு எழுதுங்கள். கண்டதை ஒரு பக்கத்திலும் கேட்டதை மறு பக்கத்திலும், சொன்னவர் இன்னார், தேதி இன்னது என்று குறியுங்கள். எதையும் தோண்டாதீர்கள், பெயர்க்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். இடத்தை விட்டுப் பெயர்ந்த கல் பாதி ஊமையாகிவிடும். புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பதையும் மறவாதீர்கள். எழுதியதில் ஒரு பிரதியைத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். ஒரு பிரதி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். பத்து ஊரார் இதைச் செய்தால், இப்பள்ளத்தாக்குக்கு ஒரு பவுசானியஸ் அல்ல, நூறு பவுசானியஸ்கள் கிடைப்பார்கள்.

அன்று திண்ணையை விட்டு எழுந்தபோது, ஏதென்ஸ் சென்று வந்த அந்த நண்பரே நம்மிடம் வந்து, "நாளைக் காலையில் சின்னமனூருக்கு நடந்தே போகலாமா, ஐயா?" என்று கேட்டார். விடியுமுன் புறப்பட்டோம், நாலு பேர் கூட வந்தனர். நம் வாசகர்களும் தத்தம் ஊரில் அவ்வாறே புறப்பட வேண்டுமென்பது நம் வேண்டுகோள்.