புதிது வாங்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள்!

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த மக்கள் கோயிலுக்குள் செல்ல வரிசையில் நிற்பார்கள். 217 அடி உயர இராஜகோபுரம், உள்ளே விரிந்த பிராகாரங்கள். ஆயினும் வரிசை அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். வரிசையின் வேகத்தைத் தீர்மானிப்பது கோபுரத்தின் உயரமன்று. சன்னதி முன் உள்ள குறுகிய வழிதான்.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியுடன் என்னிடம் வந்தார். "சார், நல்ல செயலி, 16 ஜி.பி. நினைவகம். ஆனாலும் பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடித்து வந்தால்கூடத் தயாராவதில்லை. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். அப்பாவிடம் எப்படிக் கேட்பது?" என்றார்.

"கேட்க வேண்டாம், முதலில் அளப்போம்" என்றேன். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று முறை பார்த்தோம். ஏறக்குறைய 240 வினாடிகள்!

கணினி விழித்தெழும்போது என்ன நடக்கிறது? முதலில் தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிரல் உறுப்புகளைச் சோதிக்கிறது. பிறகு இயங்குதளம் வட்டிலிருந்து நினைவகத்துக்கு வருகிறது. கடைசியில், 'நானும் வருகிறேன்' என்று பல செயலிகள் தாமாகவே நுழைகின்றன. மின்சாரம் நின்றதும் நினைவகம் அனைத்தையும் மறந்துவிடும். எனவே, நினைவகம் எவ்வளவு பெரிதானாலும், முழுதாக அணைத்த கணினி எல்லாவற்றையும் மீண்டும் வட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

அந்த வட்டுதான் இங்கே குறுகிய வழி! அவருடையது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டு. அதாவது வினாடிக்கு 90 சுற்று; ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி அதன் முனை அலைய வேண்டும். வினாடிக்கு நூறு கோப்புகளைத் தேடி எடுப்பதே அதற்குக் கடினம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டோ அதே நேரத்தில் பல ஆயிரம் எடுக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 240 வினாடியில் 200 வினாடி வட்டுக்காகக் காத்திருப்பது, 40 வினாடி செயலியின் வேலை என்று கொள்வோம். செயலியின் வேகத்தை இரு மடங்காக்கினால் மொத்தம் 220 வினாடி. அவ்வளவுதான்! வட்டை மட்டும் பத்து மடங்கு வேகமாக்கினால் 60 வினாடி. இந்த உண்மையை 1967-இல் ஜீன் ஆம்டால் என்னும் கணினி அறிஞர் எடுத்துக்காட்டினார்.

நீங்களும் ஆராயலாம். செருகியிருக்கும் பென் டிரைவ்களைக் கழற்றுங்கள். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, 'ஸ்டார்ட்அப்' பட்டியலில் தேவையற்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள் (வைரஸ் தடுப்பியைத் தொட வேண்டாம்). லினக்ஸில் 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்ற கட்டளை எந்தக் கட்டத்துக்கு எத்தனை வினாடி என்று சொல்லிவிடும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, மறுபடி அளந்து, குறித்துவையுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. வட்டை மாற்றுவதானால் முதலில் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவர் தேவையற்ற செயலிகளை நிறுத்தியதும் நேரம் 190 வினாடியாகக் குறைந்தது. எஸ்.எஸ்.டி. பொருத்தியதும் 30 வினாடிக்கும் கீழே வந்தது. செலவோ, புதிய மடிக்கணினி விலையில் சிறு பகுதி!

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினிகள் வழங்கத் தொடங்கியது. உங்கள் அண்ணனோ அக்காவோ பெற்றது பரணில் கிடக்கிறதா? எடுத்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் இயக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதற்குமேல் ஏற்காத பழைய கணினியிலும் எளிய லினக்ஸ் ஓடும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் நம் நாட்டுப் படைப்பே.

பழுதே பார்க்க முடியாத கணினிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவு அளந்த பிறகு வரட்டும். 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குவியலில் எத்தனை கணினிகள், எவரும் கடிகாரம் பார்க்காததால் வந்து சேர்ந்தனவோ!

"எது பெரிது?" என்று விளம்பரம் கேட்கும். "எது தடுக்கிறது?" என்று அறிவியல் கேட்கும். நீங்கள் எதைக் கேட்கப் போகிறீர்கள்?