புளூ ஜாகரும் உடைந்த அணையும்

ஏழுகல் தோடு பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும் "புளூ ஜாகர்தானே?" என்று கேட்கிறார்கள். நகைக்கடைக்காரர்களான நாமும் தயங்காமல் தலையாட்டுகிறோம். அந்தப் பெயர் வந்த ஜாகர்ஸ்ஃபோன்டைன் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் உள்ள சிற்றூர். நீலோட்டம் கொண்ட வெள்ளைக் கற்களுக்குப் பேர்போன வைரச் சுரங்கம் அங்கே இருந்தது. 1893இல் 995 காரட் எக்செல்சியர் வைரம் கிடைத்ததும் அங்கேதான். கண்டெடுத்த ஆப்பிரிக்கத் தொழிலாளிக்கு 500 பவுண்டும் சேணத்தோடு ஒரு குதிரையும் கொடுத்தார்களாம்.

1971இல் டி பியர்ஸ் சுரங்கத்தை மூடியது. ஊருக்கு வேலை போயிற்று. கழிவு மேடுகள் தங்கின. பழைய மேட்டை மறுபடி அரைத்துச் சலித்தால் விடுபட்ட கற்கள் தேறும். அதற்காகவே 2010இல் மேடுகள் கைமாறின. பழைய சட்டக் காலத்துக் கழிவு மேடுகள் கனிமச் சட்டத்துக்குள் வராது என்று 2007இலேயே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால், கண்காணிப்பு தன் பொறுப்பல்ல என்று கனிமத்துறை ஒதுங்கிக்கொண்டது. அனுமதித்த அளவை மீறிச் சேறு கொட்டியதற்காக 2020இல் நீர்வளத்துறை வேலையை நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டே மீண்டும் அனுமதித்துவிட்டது. 2022 செப்டம்பர் 11, ஞாயிறு காலை கழிவுச் சேற்றைத் தேக்கிய அணை உடைந்தது. சாம்பல் நிறச் சேறு வீடுகளை வாரிக்கொண்டு போனது, உயிர்களும் போயின. மேய்ச்சல் நிலம் பல கிலோமீட்டருக்குச் சேற்றில் புதைந்தது.

அந்த மேட்டில் சலித்த கல்லுக்குக் கிம்பர்லி சான்று கிடைப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. 2003இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு பட்டை தீட்டாத கல்லுக்கு மட்டுமே உரியது. கிளர்ச்சிப் படையின் போருக்குப் பணமான கல் அல்ல என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. இந்தச் சான்றைக் காட்டி, யாருக்கும் கேடு செய்யாத கல் என்று வாடிக்கையாளரிடம் நாம் சொல்வது பொய். சுரங்க வைரமே வேண்டாம் என்பதும் தீர்வல்ல. போட்ஸ்வானாவில் டெப்ஸ்வானா வைரச் சுரங்க நிறுவனத்தின் பாதிப் பங்கு அரசுடையது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அந்த வருமானத்தில் எழுந்தன. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தின் விலை சரியச் சரிய அந்த நாட்டுக் கஜானாவும் ஆட்டம் காண்கிறது.

பில்லில் 'புளூ ஜாகர்' என்று தரம் எழுதுவதை நிறுத்துவோம். சுரங்கம் மூடி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நிறத்தையும் தோஷத்தையும் எழுதினால் போதும். ரஷ்யக் கல்லுக்கு ஜி7 நாடுகள் 2024இல் போட்ட தடைக்குப் பிறகு, பெரிய கல்லின் பிறப்பிடத்தைக் காட்டச் சூரத் மொத்த வியாபாரிகள் பழகிவிட்டார்கள். அரை காரட்டுக்குக் கீழே அந்தக் கட்டாயம் இல்லை. நம் தோட்டுக் கற்களோ பெரும்பாலும் சென்ட் கணக்கில் எடை போடுபவை. ஆகவே அவற்றுக்கு நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த பார்சலுக்கு ஆர்டர் கொடுக்கும்போது எந்த நாட்டுக் கல் என்று எழுத்தில் கேளுங்கள்.