கோட்டூர்புரம் தந்த பாடம்

ஆட்சி மாறலாம், அது மக்கள் தீர்ப்பு. ஆனால் ஆட்சி மாறியதும், மக்கள் பணத்தில் எழுந்த கட்டடத்தின் கதியும் மாறத்தான் வேண்டுமா?

சென்னைக் கோட்டூர்புரத்தில் நிற்கிறது அண்ணா நூற்றாண்டு நூலகம். 2008 ஆகஸ்டில் கலைஞர் அடிக்கல் நாட்டினார். 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று திறந்து வைத்தார். 8 ஏக்கர் நிலம், 9 தளங்கள், 12 இலட்சம் நூல்களுக்கு இடம். வரைபடம் தந்தது சி.ஆர். நாராயணராவ் கட்டடக் கலை நிறுவனம்.

பார்வையற்றோருக்கான பிரெய்லி பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது. படியேறி அல்லற்பட வேண்டியதில்லை. குழந்தைகளுக்கென்று ஒரு தளம். தம் புத்தகத்தைத் தாமே கொண்டுவந்து படிப்போருக்குத் தனிக்கூடம். வீட்டில் அமர இடமில்லாத ஏழை மாணவனுக்கு அந்தக் கூடம்தான் மாளிகை!

திறந்து பதினான்கு மாதம்கூட ஆகவில்லை. 2011 நவம்பரில் அன்றைய அ.தி.மு.க. ஆட்சி அறிவித்தது: நூலகம் நுங்கம்பாக்கத்திற்குப் போகும்; கட்டடம் குழந்தைகள் மருத்துவமனையாகும்! வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் பிழைத்தது.

குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாமா என்று கேட்டனர். வேண்டும், ஊருக்கு ஊர் வேண்டும்! ஆனால் நூலகத்தைக் கலைத்துத்தானா? ஆம்பூரில், வாணியம்பாடியில் தோல் பதனிடும் தோழரைக் கேளுங்கள். சுண்ணாம்புத் தொட்டிக்கு ஓரிடம், தோல் உலர்த்த வேறோரிடம் என்று ஏன் பிரித்துக் கட்டினார்கள்? வேலைதான் கட்டடத்தை வரைகிறது! நூலகத்திற்குப் புத்தகப் பாரம் தாங்கும் தளம் வேண்டும், அமைதி வேண்டும். மருத்துவமனைக்கு அறுவை அரங்கு வேண்டும், பிராணவாயுக் குழாய் வேண்டும், நோயாளியைப் படுக்கையோடு ஏற்றும் மின்தூக்கி வேண்டும். ஒன்றை இடித்து மற்றொன்றாக்கும் செலவு யார் பணம்? நம் பணம்!

ஓமந்தூரார் வளாகத்தையும் பார்த்தோம். ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் வரைந்த கட்டடம், 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது, 2014இல் மருத்துவமனையானது. ஏழைகள் அங்கே நலம் பெறுகிறார்கள், மகிழ்கிறோம். ஆனால் முதலிலேயே மருத்துவமனையாக வரைந்து வேறிடத்தில் கட்டியிருந்தால், நாட்டுக்கு இரண்டும் கிடைத்திருக்குமே!

தோழர்களே! படிப்பகம் நம் இயக்கத்துக்குப் புதிதன்று. ஒரு கொட்டகை, ஒரு பெஞ்சு, நாலு ஏடு; ஒருவர் உரக்கப் படிப்பார், எழுத்தறியாத பத்துப் பேர் கேட்பார்கள். அந்தக் கொட்டகை வளர்ந்து கோட்டூர்புரம் ஆயிற்று. 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆயிற்று. ஆனால் ஆலங்காயத்திலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. காலணித் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்துவரும் நம் தங்கை அங்கே போய்ப் படிக்க முடியுமா?

ஆகவே நாம் கேட்பது இது: பேரூராட்சியில் நூலகமோ சமுதாயக் கூடமோ வரும்போது, கல் நட்ட பிறகு கைதட்டப் போகாதீர்கள், வரைபடம் போடும்போதே போய் நில்லுங்கள். மாலை ஏழு மணிக்குக் கதவு திறந்திருக்குமா? பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? ஊன்றுகோலோடு வருபவர் உள்ளே வர வழி உண்டா? கேளுங்கள்! தன் தேவைக்கேற்பக் கட்டிய கட்டடத்தை மக்கள் பூட்ட விடமாட்டார்கள், எந்த ஆட்சி வந்தாலும்!